மூடுபனியில் மிஞ்சும் நிறம்

மூடுபனியில் எடுத்த படத்தைக் கணினியில் திறந்ததும் பலருடைய கை தன்னால் கறுப்பு-வெள்ளைப் பொத்தானுக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “அதில்தான் நிறமே இல்லையே, அப்புறம் வண்ணப்படம் எதற்கு?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வானம் சாம்பல், மரம் சாம்பல், தண்ணீர் சாம்பல். ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்ச நிறத்தையும் துடைத்துவிட்டால் படம் சுத்தமாகிவிடும் என்று தோன்றும். நான் இங்கே சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. நிறம் அவ்வளவு குறைவாக இருப்பதுதான் அதைக் காப்பாற்றி வைக்க வேண்டியதற்குக் காரணம். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் எல்லாமே மூடுபனியில் இளைத்துப் போகின்றன. மிஞ்சுகிற சொற்ப வேறுபாட்டில் நல்ல பாதி, கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய நிறம். அதைத் தூக்கி எறிவதற்கு முன்பு அது அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பனி செய்யும் வேலையைப் பார்ப்போம். மூடுபனி என்பது தரையைத் தொட்டுக்கொண்டு மிதக்கும் நீர்த்துளிகளின் கூட்டம். பார்வை எட்டும் தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலைக் கணக்கில் அது மூடுபனி. துளிகளின் விட்டம் சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான்தான். துளி அவ்வளவு பெரியதாக இருப்பதால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஏறத்தாழ ஒரே மாதிரி சிதறடிக்கிறது. மூடுபனி வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். தொலைவில் இருக்கும் மலை நீலமாகத் தெரிவது வேறு கதை. அங்கே ஒளியைச் சிதறடிப்பவை காற்று மூலக்கூறுகளும் மிக நுண்ணிய துகள்களும். காற்று மூலக்கூறு, 0.7 மைக்ரான் சிவப்பொளியைவிட 0.4 மைக்ரான் ஊதாவை 9 மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கும். ஆகவே தெளிந்த காற்றின் தூரம் நிறத்தையே மாற்றுகிறது. பனியின் தூரம் நிறத்தை மாற்றுவதில்லை, அதில் வெள்ளையைக் கலந்துகொண்டே போகிறது. பனிக்குள் 200 மீட்டர் தள்ளி நிற்கும் செம்பழுப்பு மரம் அப்போதும் செம்பழுப்புதான். சாயல் அதே, செறிவு மட்டும் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1924-ல் ஹரால்ட் கோஷ்மீடர் என்ற ஜெர்மானிய வானிலை அறிஞர் வகுத்த விதி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஒரு பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாடு, தூரம் கூடக் கூட அடுக்குக்குறி விகிதத்தில் விழும். அது 2 சதவீதத்துக்கு வந்துவிட்டால் கண்ணுக்கு அந்தப் பொருள் மறைந்ததாகக் கொள்வார்கள். அந்த எல்லை சரியாக 1 கிலோமீட்டரில் இருக்கும் ஒரு காலையை எடுத்துக்கொண்டால், 100 மீட்டரில் நிற்கும் மரத்துக்கு முழுக் கான்ட்ராஸ்ட்டில் சுமார் 68 சதவீதம் மிஞ்சும். 250 மீட்டரில் 38 சதவீதம். 500 மீட்டரில் 14. படத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போகும் மர வரிசைகளின் அழகு முழுவதும் இந்த ஒரு விதியின் வேலை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நிறச் செறிவும் அதே விகிதத்தில்தானே விழுகிறது, அப்படியிருக்க நிறத்துக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? சலுகை இயற்பியலில் இல்லை, நம் கண்ணில் இருக்கிறது. வெளிச்ச வேறுபாட்டையும் நிற வேறுபாட்டையும் கண் ஒரே மாதிரி படிப்பதில்லை. இலை நரம்பு, புல் நுனி, கிளையின் சொரசொரப்பு போன்ற நுணுக்கங்களைப் படிக்க அதற்கு வெளிச்ச வேறுபாடு வேண்டும். நுணுக்கமான நிறக் கோடுகளை அது சரியாகப் பார்க்காது. ஆனால் அகலமான, விளிம்பு மங்கிய பரப்புகளில் நிலைமை தலைகீழ். மெதுவாக மாறும் பெரிய பரப்பில் வெளிச்ச மாற்றத்தை எளிதில் தவறவிடும் கண், நிற மாற்றத்தை உடனே பிடித்துவிடும். 1985-ல் பார்வை ஆய்வாளர் கேத்தி முல்லன் வெளியிட்ட அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின. இப்போது மூடுபனிப் படத்தை நினைத்துப் பாருங்கள். பனி முதலில் விழுங்குவது நுணுக்கங்களைத்தான். விட்டுவைப்பதெல்லாம் அகலமான, மென்மையான, மெதுவாக மாறும் பரப்புகள். நிறத்தைக் கண் மிகக் கூர்மையாகப் படிக்கும் இடம் எதுவோ, அந்த இடத்தில்தான் நாம் நிறத்தைக் கழற்றி எறிகிறோம்.

எண்ணிலேயே காட்டிவிடலாம். நீர்க்கரையில் பனிக்குள் நிற்கும் காய்ந்த நாணல் புதர். அதன் பின்னால் மேகம் விலகிய வானத்தைப் பிரதிபலிக்கும் தண்ணீர். 0 முதல் 255 வரை போகும் கணினி அளவில் நாணலின் மதிப்பு சிவப்பு 168, பச்சை 160, நீலம் 148 என்று இருக்கட்டும். வைக்கோல் சாயல் படிந்த வெளிர் சாம்பல். தண்ணீர் 154, 162, 170. நீலம் படிந்த வெளிர் சாம்பல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். ஒன்றில் கதகதப்பு இருக்கிறது, மற்றதில் குளிர்ச்சி. இப்போது வழக்கமான சூத்திரத்தில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று எடை கொடுத்துக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றினால் இரண்டுக்கும் கிடைப்பது 161. நாணலும் தண்ணீரும் ஒரே சாம்பலாகி, கரை எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும். எளிமையான படம் கிடைத்ததாக நமக்குத் தோன்றும். உண்மையில் படத்திலிருந்து ஒரு கரை காணாமல் போயிருக்கிறது.

சேனல் மிக்ஸரில் (மூன்று நிறங்களின் எடையை மாற்றும் கருவியில்) சிவப்பைக் கூட்டி நாணலைப் பிரித்துக் காட்டலாமே என்பார்கள். காட்டலாம். அப்போது நாணல் தண்ணீரைவிட வெளிச்சமாகிவிடும். நீலத்தைக் கூட்டினால் தண்ணீர் வெளிச்சமாகும். அங்கே இருந்ததோ சம வெளிச்சத்தில் இரண்டு நிறங்கள். கறுப்பு-வெள்ளையில் அதைச் சொல்ல வழியே கிடையாது. எதையாவது ஒன்றை உயர்த்தித்தான் ஆக வேண்டும். நல்ல அச்சுக் கலைஞர்கள் காலங்காலமாக இந்தத் தேர்வைச் செய்துதான் வந்திருக்கிறார்கள், அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இவ்வளவு மங்கிய நிறத்தில் ஒரு சேனலை மட்டும் பலமாக இழுத்தால் இரைச்சலும் திட்டுத்திட்டான கறையும் சேர்ந்து வரும். அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தச் சம வெளிச்ச விஷயத்துக்கு ஓவியத்தில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1872-ல் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தின் பனி படிந்த விடியலை ஓவியர் மோனே வரைந்தார். பின்னாளில் இம்ப்ரெஷனிசம் என்ற முழு ஓவிய இயக்கத்துக்கே பெயர் கொடுத்த படம் அது. நீலச் சாம்பலுக்கு நடுவே தகதகக்கும் செம்மஞ்சள் சூரியனைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஹார்வர்டின் நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் சுட்டிக்காட்டியது இதுதான்: அந்தச் சூரியனும் சுற்றியுள்ள வானமும் வெளிச்ச அளவில் ஏறக்குறைய சமம். படத்தைக் கறுப்பு-வெள்ளையில் நகலெடுத்தால் சூரியன் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. வெளிச்சத்தை மட்டும் படிக்கும் மூளைப் பகுதிக்கு அங்கே சூரியன் இல்லை, நிறத்தைப் படிக்கும் பகுதிக்கு இருக்கிறது. அது ஒரு இடத்தில் நிற்காமல் துடிப்பது போலத் தெரிவதற்கு அவர் தரும் விளக்கம் இந்த முரண்பாடுதான். பனிக்குள் உதிக்கும் சூரியனைப் படமெடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. தடித்த பனியில் சூரியத் தட்டு சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சமே பிரகாசமாக இருக்கும். அதன் அதிகாரம் எல்லாம் நிறத்தில்தான்.

சரி, பனி எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடித்தால் பனிக்கு ஏது நிறம்? தனக்கென்று இல்லைதான். ஆனால் தன்மேல் விழும் ஒளியின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். விடியலில் அதன்மேல் ஒரே நேரத்தில் இரண்டு ஒளிகள் விழுகின்றன. அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சி வெயிலைவிட ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீலத்தைச் சிந்திவிட்டுச் செம்மஞ்சளாக வந்து சேரும். அதே வேளையில் தலைக்கு மேலே திறந்த வானம் நீல ஒளியைப் பொழிந்துகொண்டிருக்கும். இரவில் தரை குளிர்ந்து உருவாகும் பனி பெரும்பாலும் மெல்லிய படலம்தான். அதன் மேல்விளிம்பைச் சூரியன் தொடும்போது அங்கே இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள்; கீழே நிழலில் கிடக்கும் பனியில் நீலம். இரண்டுக்கும் நடுவே ஊதாவா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு வரி. கறுப்பு-வெள்ளையில் இவை மூன்றும் வெளிர் சாம்பலின் மூன்று படிகளாகக் குறைந்துவிடும். வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்தது, அது என்ன வேளை என்ற செய்தியும் கூடவே போய்விடும். காட்டுக்குள் இருக்கும் பனியின் கதை வேறு. இலைகளை ஊடுருவி வரும் ஒளி பச்சையானது, உள்ளே தங்கிய பனியும் அதே பச்சையை மெலிதாகப் பூசிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் அதே இடத்தில் பனி மஞ்சளாக இருக்கும்.

சூரியனுக்கு எதிர்ப்புறத்தில், பனியில் வானவில் போலத் தோன்றும் பனிவில்லையும் இங்கே சொல்லிவிடுகிறேன். துளிகள் மிகச் சிறியவை என்பதால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வில் வெள்ளையாகவே தெரியும். ஆனாலும் வெளிவிளிம்பில் மங்கிய சிவப்பும் உள்விளிம்பில் மங்கிய நீலமும் இருக்கும். வண்ணத்தில் அச்சிட்ட படத்தில் அந்த விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அச்சிட்டவர் கவனமானவர்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது பனி கிட்டத்தில் செய்யும் காரியம். தூரத்து நிறங்களை வெளுக்க வைக்கும் அதே பனி, அருகில் இருப்பவற்றை நனைத்து ஆழமாக்குகிறது. காய்ந்த பொருளின் மேற்பரப்பு ஒளியை நாலாபக்கமும் வெள்ளையாகத் தெறிக்க விடும். அந்த வெள்ளை, பொருளின் சொந்த நிறத்தின்மேல் ஒரு திரை. ஈரப்படலம் படிந்ததும் அந்தத் தெறிப்பு குறைகிறது. ஒளி உள்ளே போய்ப் பலமுறை மோதி, நிறத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. பனியில் நனைந்த மரப்பட்டையைக் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். வெயிலில் வெறும் சாம்பலாக இருந்த பட்டை இப்போது ஏறக்குறைய கறுப்பு. பிளவுகளுக்குள் ஒரு செம்மை. அதன்மேல் படர்ந்த கற்பாசி வெளிறிய பச்சையில் ஒரு வட்டம், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். அடிமரத்தின் பாசி கண்ணைப் பறிக்கும் பச்சை. அதே மரத்துக்குப் பின்னால் தொலைவில் தள்ளி நிற்கும் இன்னொரு மரத்தில் இதே நிறங்கள் பாதியாகக் கரைந்திருக்கும், அதற்கும் பின்னால் இருப்பதில் நிழலாக மட்டும். அந்தப் படத்தில் ஆழத்தைக் கட்டுவது வெளிச்சம் மட்டும் அல்ல. முன்னால் நிறம் அடர்த்தி, பின்னால் போகப் போக நீர்த்துப்போன நிறம். இந்தச் சரிவும் சேர்ந்துதான் ஆழம். சுமார் 1845-ல் ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்த நோரம் கோட்டைப் படத்தில் இதைக் காணலாம். கோட்டை வெறும் நீல ஆவி. தண்ணீரில் நிற்கும் ஒரு மாட்டின் பழுப்பு மட்டும் கொஞ்சம் அடர்த்தி. அந்த ஒரு பழுப்பு இல்லையென்றால் நீலம் நீலமாகவே தெரியாது. பக்கத்து நிறம் பார்க்கும் நிறத்தை மாற்றும் என்பதைச் சாயத் தொழிற்கூடத்தின் பொறுப்பில் இருந்த பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே விரிவாக எழுதிவிட்டார். மங்கிய நிறங்களில் அந்த விளைவு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

அப்படியானால் கறுப்பு-வெள்ளைதான் மூடுபனியின் இயல்பான மொழி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஒரு பாதி கலை மரபு, மறு பாதி வேதியியல். கிழக்காசிய மைத் தூரிகை ஓவியங்கள் பல நூற்றாண்டுகளாகப் பனியை வெறும் கறுப்பாலும் காகிதத்தின் வெற்றிடத்தாலும் வரைந்து வந்தன. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹாசெகாவா டோஹாகு தீட்டிய பைன் மரத் திரைகளைப் பார்த்த பின்பு பனிக்கு நிறம் வேண்டும் என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். புகைப்படத்தின் பக்கம் காரணம் இன்னும் எளிது: வேறு வழியில்லை. தொடக்க காலத் தகடுகளுக்கு நீல ஒளி மட்டும்தான் தெரியும். தூரத்தின் நீலத்தை அவை வெள்ளையாக்கியதால், பனி இல்லாத நாளிலும் படத்தில் பனி இருந்தது. 1873-ல் ஹெர்மான் ஃபோகல் சாயம் சேர்த்துப் பச்சையையும் பார்க்க வைக்கும் வழியைக் கண்டார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-ல்தான் விற்பனைக்கு வந்தன. அதற்குள் 1880-களில் பீட்டர் ஹென்றி எமர்சன் இங்கிலாந்தின் நார்ஃபோக் நீர்நிலைகளைப் பிளாட்டினம் அச்சுகளில் காட்டி, மங்கிய தொனிகளுக்குத் தனி மதிப்பை உருவாக்கியிருந்தார்.

ஆனால் அந்தக் காலத்திலேயே நிறத்துக்காக ஏங்கியவர்கள் இருந்தார்கள். 1904-ல் எட்வர்ட் ஸ்டைக்கன் நியூயார்க் மாநிலத்து மமரொனெக்கில் ஒரு குளத்தை நிலவொளியில் எடுத்தார். ஒளியுணர் பசையை அடுக்கடுக்காகக் கையால் பூசி, அந்த அச்சில் நீலமும் பச்சையும் மெலிதாகக் கசிய வைத்தார். வண்ணப் புகைப்படம் கடைக்கு வருவதற்கு முன்பே வண்ணத்தை வரவழைத்த படம் அது. 2006-ல் அதன் ஒரு பிரதி 29 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 1907-ல் லுமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் விற்பனைக்கு வந்தது. சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்கள் வழியே ஒளியை வடிகட்டிய தகடு. அது தந்த நிறங்கள் மென்மையானவை, மணல் தூவியது போன்றவை. பனிக்கு அவ்வளவு பொருத்தமான ஊடகம் அதற்குப் பிறகு நெடுங்காலம் வரவில்லை என்பது என் எண்ணம். 1935-ல் கோடாகுரோம், 1990-ல் ஃபூஜியின் வெல்வியா என்று ஸ்லைடு ஃபிலிம்கள் நிறத்தைக் கூட்டிக்கொண்டே போயின. வண்ணம் என்றாலே அடர் வண்ணம் என்றானது. மென்மையை விரும்பியவர்களுக்குக் கறுப்பு-வெள்ளைதான் அடைக்கலமாகத் தெரிந்தது.

நடுவே அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எலியட் போர்ட்டர் போன்ற விதிவிலக்குகள் இருந்தன. 1938-39 குளிர்காலத்தில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸின் நியூயார்க் காட்சிக்கூடத்தில் கறுப்பு-வெள்ளைப் படங்களைக் காட்டியவர் அவர். பறவைகளைப் படமெடுக்கப்போய் வண்ணத்துக்கு மாறி, பிறகு காட்டையும் பாறையையும் மங்கிய ஒளியிலேயே எடுத்து, டை-டிரான்ஸ்ஃபர் முறையில் (சாயங்களை ஒவ்வொன்றாகக் காகிதத்துக்கு மாற்றும் முறை) தன் கையாலேயே அச்சிட்டார். நிறத்தை அடக்கியும் வண்ணப்படம் எடுக்கலாம் என்பதற்கு அவருடைய படங்கள் போதும்.

இன்றைக்கு ஃபிலிமின் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் மெல்லிய நிறம் பல இடங்களில் கைநழுவிப் போகிறது. முதல் இடம் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். காட்சியில் ஒரே சாயல் பரவியிருந்தால் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு நடுநிலைக்கு இழுப்பது அதன் வேலை. விடியலின் நீலப் பனி முழுவதும் ஒரே சாயல்தான். கேமரா அதைக் கழுவிவிட்டு வெறும் சாம்பலைக் கையில் கொடுக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் “நிறமே இல்லை” என்கிறார்கள். நம் கண்ணும் இதையே செய்கிறது என்பதை மறக்கக் கூடாது. நீல வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றால் கண் பழகிப்போய் அதை வெள்ளையாகப் பார்க்கத் தொடங்கும். ஆகவே நேரில் பார்த்தது எது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வந்து நின்ற முதல் நிமிடத்தில் தெரிந்த நீலமும் உண்மை, பழகிய பின்பு தெரிந்த சாம்பலும் உண்மை. என் பழக்கம், ஒயிட் பேலன்ஸை வெயில் அளவான 5500 கெல்வின் அருகே நிறுத்திவிட்டு, வேளையின் நிறத்தைப் பதிய விடுவது. பிறகு ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலத் தரவில்) அந்த நீலத்தைக் குறைக்கலாம், ஆனால் பூஜ்யம் வரை கொண்டுபோவதில்லை. பனியின்மேல் நிறத்துளிக் கருவியை வைத்து ‘இதுதான் சாம்பல்’ என்று சொடுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். பனி சாம்பல் அட்டை அல்ல.

அடுத்த இடம் எக்ஸ்போஷர். மீட்டர் எல்லாவற்றையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். பனி அதைவிட வெளிச்சமானது என்பதால் மீட்டரை நம்பினால் படம் அழுக்காக வரும். முக்கால் ஸ்டாப்பிலிருந்து (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு) ஒன்றேகால் ஸ்டாப் வரை கூட்டி எடுப்பது வழக்கம். இது வெறும் வெளிச்சப் பிரச்சினை இல்லை. 14 பிட் ரா ஃபைலின் 16,384 படிகளில் பாதி, உச்சத்தில் இருக்கும் ஒரே ஸ்டாப்புக்குள் அடங்கிவிடுகின்றன. குறைத்து எடுத்துப் பிறகு தூக்கினால் மேலே வருவது நிற இரைச்சல். நாணலுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த அந்தச் சிறிய நிற வித்தியாசம் அதற்குள் மூழ்கிப்போகும். கூட்டும்போது மூன்று சேனல்களின் ஹிஸ்டோகிராமையும் (வெளிச்ச அளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடம்) தனித்தனியே பார்க்க வேண்டும். சூரியனுக்கு அருகில் முதலில் நிரம்பி வழிவது சிவப்பு. அது வழிந்ததும் செம்மஞ்சள் வெறும் மஞ்சளாகத் திரிந்துவிடும். ஈர இலைகளின் பளபளப்பை நீக்க போலரைசர் முன்னணியில் நன்றாக உதவும், பனிக்குள் அதற்குப் பெரிய வேலை இருக்காது.

கணினியில் செய்யும் வேலையில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. ஹிஸ்டோகிராம் நடுவில் குவிந்திருப்பதைப் பார்த்ததும் இரண்டு முனைகளையும் இழுத்து நீட்டத் தோன்றும். மூடுபனிக் காட்சியில் முழுக் கறுப்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, முழு வெள்ளையும் அப்படியே. கர்வை (தொனிகளை மாற்றும் வளைகோட்டை) வழக்கமான ஆர்ஜிபி முறையில் செங்குத்தாக்கினால் கான்ட்ராஸ்ட்டோடு நிறச் செறிவும் ஏறும். இது பலருக்குத் தெரிவதில்லை. தொனியை மட்டும் மாற்ற நினைத்தவர், நிறமும் சேர்ந்து ஏறியதைப் பார்த்து ‘வண்ணம் சரிப்படவில்லை’ என்று கறுப்பு-வெள்ளைக்குப் போய்விடுவார். அதே கர்வை வெளிச்சத்தை மட்டும் மாற்றும் லுமினாசிட்டி முறையில் வைத்தால் நிறம் இருந்த இடத்தில் இருக்கும். வைப்ரன்ஸ் ஸ்லைடரும் இங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும். செறிவு குறைந்த நிறங்களைக் குறிவைத்துக் கூட்டுவது அது. பனிப்படத்தில் எல்லா நிறமுமே செறிவு குறைந்தவைதான், ஆகவே சின்ன நகர்வுக்கே படம் முழுவதும் பொங்கிவிடும். டீஹேஸ் கருவி கோஷ்மீடர் சொன்ன அதே வெள்ளைக் கலப்பைக் கணக்கிட்டுக் கழிக்க முயலும் வகையைச் சேர்ந்தது. பனிக்காகப் போனவர் பனியைக் கழிப்பது எதற்கு என்று நான் கேட்டுக்கொள்வேன். முன்னணியில் இருக்கும் ஒரு மரத்துக்கு மட்டும் தூரிகையால் தொட்டு வைத்தால் சில சமயம் நன்றாக இருக்கும்.

எவ்வளவு நிறம் போதும் என்பதற்கு ஒரு எளிய சோதனை. சாச்சுரேஷனை ஒருமுறை பூஜ்யத்துக்கு இறக்கி, படத்தில் எது காணாமல் போகிறது என்று பாருங்கள். எதுவுமே காணாமல் போகவில்லை என்றால் அது கறுப்பு-வெள்ளைக்கு உரிய படம், தயங்காமல் மாற்றலாம். ஒரு கரையோ ஒரு மர வரிசையோ ஒரு வேளையோ மறைந்தால், அந்தப் பொருள் மறுபடி தெரியும் வரை நிறத்தைத் திரும்ப ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். சில நிமிடம் விட்டுவிட்டு வந்து பார்ப்பது அவசியம். மங்கிய நிறத்துக்குக் கண் சீக்கிரம் பழகிவிடும், போதவில்லை என்று இன்னும் கேட்கும்.

ஒரு வேறுபாட்டையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கறுப்பு-வெள்ளைப் படத்தின்மேல் நீலத்தையோ செப்பியாவையோ பூசுவது நான் பேசும் மெல்லிய நிறம் ஆகாது. அது ஒரே நிறத்தின் வெளிச்சப் படிகள். நாணலும் தண்ணீரும் அங்கேயும் ஒன்றாகத்தான் கிடக்கும். நிழலுக்கு நீலம், வெளிச்சத்துக்கு மஞ்சள் என்று பிரித்துப் பூசினாலும் நிறம் வெளிச்ச அளவையே பின்தொடர்கிறது, பொருளைப் பின்தொடர்வதில்லை. உண்மையான மெல்லிய நிறத்தில் ஒரே வெளிச்சத்தில் இரண்டு சாயல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

கறுப்பு-வெள்ளைக்கு என்று உள்ள படங்களும் உண்டு. வெள்ளைப் பரப்பில் ஒற்றை மரம், கோடு போல ஒரு வேலி, வரைபடம் போன்ற கிளைகள். வடிவமே செய்தியாக இருக்கும் இடம். புகைப்படக் கலைஞர் மைக்கேல் கென்னா ஜப்பானின் ஹொக்கைடோவில் வெண்பனி (ஸ்னோ) மூடிய வெளிகளில் எடுத்த படங்களை வண்ணத்தில் நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. சோடியம் விளக்கும் எல்இடி-யும் கலந்து பனியைப் பச்சையும் ஆரஞ்சுமாகக் கறைப்படுத்தும் இரவுத் தெருக்களில் நிறத்தை நீக்குவது பல சமயம் படத்தைக் காப்பாற்றும். வெளிச்சம் தட்டையாக, அடர்ந்த மேகத்துக்குக் கீழே, எந்தப் பக்கமும் சாயல் இல்லாமல் இருக்கும் நண்பகல் பனியும் அப்படித்தான். என் குறை, சோதித்துப் பார்க்காமலே எடுக்கும் முடிவின்மேல்தான்.

சேமிக்கும்போதும் கவனம் வேண்டும். 8 பிட் ஃபைலில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். மூடுபனிப் படம் அவற்றில் நூறைக்கூடப் பயன்படுத்தாமல் இருக்கலாம். அதை நீட்டினால் வானத்தில் வரிவரியாகப் பட்டைகள் தெரியும். முடிவு வரை 16 பிட்டில் வேலை செய்துவிட்டு, கடைசியில் மிக மெல்லிய துகளைத் தூவினால் பட்டைகள் உடையும். ஜேபெக் சுருக்கம் நிறத் தகவலை வெளிச்சத் தகவலைவிட முரட்டுத்தனமாக வெட்டும். அகலமான மங்கிய பரப்பில் அது சதுரம் சதுரமான கறையாகத் தெரியலாம், ஆகவே உயர்ந்த தரத்தில் சேமிப்பது நல்லது.

அச்சுக்கு மேட் பருத்திக் காகிதம் பனிக்கு நன்றாகப் பொருந்தும். பளபளப்புக் காகிதத்தின் ஆழ்ந்த கறுப்பு அதற்கு வராது, நமக்கும் அது தேவையில்லை. காகிதத்தின் வெள்ளையை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். வெண்மையூட்டி சேர்த்த காகிதம் புற ஊதா ஒளியில் நீலம் காட்டும். மெல்லிய மஞ்சள் பனியை அது தின்றுவிடும். இயற்கை வெண்மைக் காகிதம் தன் பங்குக்குக் கொஞ்சம் மஞ்சளைக் கொடுக்கும், அங்கே நீலம் சிரமப்படும். அச்சகங்கள் பிரதியை 5000 கெல்வின் ஒளியில் சரிபார்க்கின்றன. வீட்டுச் சுவரில் விழுவது பெரும்பாலும் 2700 கெல்வின் விளக்கு. அந்த மஞ்சள் ஒளியில் நாணலும் தண்ணீரும் மறுபடி நெருங்கிவிடும். எனவே பெரிய அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், படம் மாட்டப்போகும் அதே சுவரில், அதே விளக்கில், இரவில் ஒரு சிறிய சோதனைப் பிரதியை வைத்துப் பார்த்து, நீலத்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.